கூடை காலி, விளக்கோ ‘நிறைந்துவிட்டது’ என்கிறது: ஐஸ் மெஷின் சென்சாரைச் சோதிப்பது எப்படி

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். ‘தண்ணீர் ஊற்று’ விளக்கு அணைய மாட்டேன் என்னும். இல்லாவிட்டால் கூடையில் ஒரு கட்டிகூட இருக்காது. ‘ஐஸ் நிறைந்துவிட்டது’ என்று சொல்லி மெஷின் படுத்துக்கொள்ளும். மேசைமேல் வைக்கிற சின்ன ஐஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் பழகிய தொல்லைகள். ‘சென்சார் போச்சு’ என்று உடனே புதுப் பாகம் தேடிப் போக வேண்டாம். சென்சார் தானாக எரிந்துபோவது குறைவு. அதன் கண்ணில் பிசுக்கு, காலில் படிவு, கனெக்டரில் பச்சைக் களிம்பு, இவைதான் வழக்கமான காரணங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் காற்றே ஈரம். கனெக்டர் களிம்பேற வேறு எதுவும் தேவையில்லை.

மெஷின் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் கோளாறு தானே பிடிபடும். பம்ப் அடித்தொட்டித் தண்ணீரை மேலே உள்ள தட்டுக்கு ஏற்றும். தட்டுக்குள் முங்கி நிற்கும் உலோக விரல்கள் குளிர்ந்து, அவற்றைச் சுற்றி ஐஸ் பிடிக்கும். போதிய கனம் வந்ததும் தட்டு சாய்ந்து மிச்சத் தண்ணீரைக் கொட்டும். ஒரு வால்வு திறந்து கம்ப்ரசரின் சூடான வாயுவை விரல்களுக்குள் அனுப்பும். கட்டிகள் நழுவி விழும். துடுப்பு அவற்றைக் கூடைக்குள் தள்ளும். ஒரு சுற்றுக்கு மாடலைப் பொறுத்து 6 முதல் 13 நிமிடம். தண்ணீர் இருக்கிறதா, கூடை நிறைந்ததா, எவ்வளவு குளிர்ச்சி என்ற மூன்று கேள்விக்கும் தனித்தனிச் சென்சார் உண்டு.

கை வைக்கும் முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மலேசிய வீட்டுக் கரண்ட் 230, 240 வோல்ட் அளவில் வரும். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு. செப்புக் குழாயை வளைக்கவோ சூடுவைக்கவோ கூடாது. சென்சார் வேலைக்கு அந்தக் குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மறுபடி ஓட்டும்போது குறைந்தது 5 நிமிடம் விட்டு ஓட்டுங்கள். வாயு அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும்.

தண்ணீர் விளக்கு

முதலில் காது கொடுங்கள். மெஷினை ஓட்டியதும் பம்ப் உறுமுகிறதா? தட்டில் தண்ணீர் ஏறுகிறதா? பம்ப் உறுமியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பம்புக்குள் காற்று அடைத்திருக்கும், அல்லது தொட்டி அடியில் உள்ள வலை அடைத்திருக்கும். அடிமூடியைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்து, பழைய பல்துலக்கியால் வலையைத் தேய்த்து, மேல்கோடு வரை ஊற்றி இரண்டு மூன்று தடவை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பழைய இரும்புக் குழாய் வழியாக வரும் தண்ணீரில் வலைமேல் செம்மண் மாதிரி துரு ஒட்டியிருக்கும். தட்டு நிறைந்தும் விளக்கு எரிந்தால்தான் சந்தேகம் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும்.

சில மாடலில் அது ஒரு மிதவை. உள்ளே காந்தம், பக்கத்துச் சுவருக்குப் பின்னால் சின்னக் கண்ணாடிச் சுவிட்ச். விரலால் மிதவையைத் தூக்கி விடுங்கள்; தொப்பென்று விழ வேண்டும். வழவழப்புப் படிந்து பாதியில் தொங்கினால் கழற்றிக் கழுவுங்கள். திரும்பப் போடும்போது தலைகீழாகப் போட்டுவிடுவது சகஜம். காந்தம் எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வேறு மாடலில் இரண்டு உலோக ஊசிகள் இருக்கும். இடையில் தண்ணீர் வந்தால் சிறு மின்சாரம் பாயும்; அதை வைத்துத்தான் தண்ணீர் இருப்பது தெரியும். இங்கேதான் பலர் ஏமாறுவது. ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. நிறையத் தண்ணீர் இருந்தும் ஊசிக்குக் காய்ந்த தொட்டிதான். பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு தண்ணீரில். உப்பைக் கிள்ளிப் போடும் வைத்தியம் வேண்டாம். உலோகத்தை அரிக்கும், ஐஸும் கரிக்கும்.

ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் அதிகம். குன்றடிக் கிணற்று நீர், ஊற்று நீர் ஊற்றினால் ஊசிமேல் வெள்ளைப் படிவு ஏறும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, ஊசி முங்கும்வரை ஊற்றி 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். வினிகரும் ஆகும், வாடைதான் போகாது. இவற்றோடு பிளீச்சை மட்டும் எக்காரணத்துக்கும் கலக்காதீர்கள்; நச்சு வாயு கிளம்பும்.

கூடை விளக்கு

கூடைக்கு மேலே, இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிராகச் சின்ன ஜன்னல்கள் தெரியும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். ஐஸ் குவிந்து ஒளியை மறைத்தால் ‘நிறைந்தது’. அடுப்பருகில் வைத்த மெஷினில் இந்த ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கியிருக்கும்; ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த மங்கல் அது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கம்பி நாரால் கீறிவிட்டால் பிறகு நிரந்தர மங்கல்தான்.

துடைத்தும் சரியாகவில்லையா? மெஷினை ஓட்டி, போனின் முன்பக்கக் கேமராவை ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேராகப் பிடியுங்கள். அனுப்பும் கண் வேலை செய்தால் திரையில் வெளிர் ஊதா வெளிச்சமோ சிமிட்டலோ தெரியும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது, வடிகட்டி தடுத்துவிடும். முதலில் டிவி ரிமோட்டில் சோதித்துக்கொண்டால் உங்கள் போன் இதற்கு உதவுமா என்று தெரிந்துவிடும். இரண்டு ஜன்னலிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்தக் கண் இறந்திருக்கலாம், அல்லது அதன் வயர் கழன்றிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கூடை வழிந்தும் மெஷின் நிற்காமல் கட்டியைத் தள்ளித் தள்ளித் துடுப்பு சிக்கிக்கொள்ளும். மேற்குப் பார்த்த ஐந்தடியில் (கடைமுன் நடைபாதையில்), சாய்ந்த வெயில் மூடி வழியாக உள்ளே விழும் இடத்தில் இது நடக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது; வாங்கும் கண் அதையே தன் ஒளி என்று நம்பிவிடும். மெஷினை நிழலுக்கு நகர்த்தினால் தீர்ந்தது.

குளிர்ச்சிச் சென்சார்

கட்டி ஊசி மாதிரி மெலிந்து விழுந்தாலோ, ஒரு சுற்றில் விழும் ஒன்பது கட்டியும் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாய் வந்தாலோ இதைப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்பு, மெஷின் சுவரை ஒட்டி நிற்கிறதா என்று கவனியுங்கள். எல்லாப் பக்கமும் 15 சென்டிமீட்டராவது இடம் வேண்டும். தன் சூட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சும் மெஷின் மெலிந்த ஐஸ்தான் போடும்; எந்தச் சென்சாரை மாற்றினாலும் அது தேறாது.

பின்மூடியைக் கழற்றினால் குளிர்க்குழாயை ஒட்டி அரிசி மணியளவு கறுப்புத் தலை, அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர் தெரியும். இதுதான் தெர்மிஸ்டர். கிளிப் நழுவிக் காற்றில் தொங்கினால் குழாயின் குளிர் அதற்கு எட்டாது. பாளம் கட்டுவது இதனால்தான். திரும்ப இறுக்கமாகப் பொருத்துங்கள்.

பொருந்தியிருந்தால் கனெக்டரை மின்சுற்றுப் போர்டிலிருந்து உருவி, மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனையையும் தொடுங்கள். அதிகம் புழக்கத்தில் உள்ள வகை 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும். நம் ஊர் 30 டிகிரி வெக்கையில் 8 கிலோஓம் அளவு. தலையை நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கோப்பையில் 3 நிமிடம் வைத்தால் 27 முதல் 33 கிலோஓமுக்கு ஏற வேண்டும். 5 கிலோஓம் வகையும் உண்டு; அதில் எல்லா எண்ணும் ஏறக்குறையப் பாதி. எண்ணைவிட, குளிரக் குளிர அளவு சீராக ஏறுகிறதா என்பதே முக்கியம். அசையாமல் நின்றாலோ, முடிவிலி காட்டினாலோ, வயரை ஆட்டும்போது துள்ளினாலோ மாற்றுங்கள். புதிதை வாங்கும்போது ஓம் அளவோடு பி-மதிப்பும் (குளிருக்கேற்ப ஓம் எவ்வளவு மாறும் என்பதைக் காட்டும் எண்) ஒத்திருக்க வேண்டும். 3435 இருந்த இடத்தில் 3950 போட்டால் குளிர்நிலையில் கணக்கு தவறும்.

மூடுவதற்கு முன் கனெக்டர் பற்களைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். போர்டில் எறும்பு முட்டையிட்டிருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐஸ் விழும் இடத்துக்கு அருகில் மருந்து அடிக்க வேண்டாம். மாலை இடிமழைக்குப் பிறகு எல்லா விளக்கும் ஒன்றாகச் சிமிட்டி, அளந்தால் சென்சார்கள் சரியாகவே இருந்தால் சந்தேகம் போர்டின் மேல். அதைக் கடையில் கொடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் ஓட்டி, கூடை ஜன்னல்களுக்கு நடுவே ஓர் அட்டையைப் பிடியுங்கள். விளக்கு உடனே எரியாது. சில மாடல் ஓடும் சுற்று முடிந்துதான் எரியும். அட்டையை எடுத்ததும் அணைந்தால் கண் சரி. முதல் இரண்டு சுற்றில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள். சிட்ரிக் புளிப்பு அதில்தான் இருக்கும்.