சுறாவும் அஞ்சாலையும் ஒரே தொட்டியில்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடைகளில் சில்வர் ஷார்க், ரெட் டெயில் ஷார்க் என்று விற்பவை சுறாக்களே அல்ல, கெண்டை இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்கள். இங்கே பேசப்போவது உப்புத் தண்ணீரில் வாழும் நிஜ சுறாவைப் பற்றி. கூடவே அஞ்சாலை, அதாவது மோரே விலாங்கு. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இனத்தைப் பார்த்து வாங்கினால் அந்தப் பயம் பெரும்பாலும் தேவைப்படாது. இடமும் தண்ணீரும்தான் நிஜமான தலைவலி.

படி 1: எந்தச் சுறா, எந்த அஞ்சாலை

ஓயாமல் நீந்தும் சுறாக்கள் வீட்டுக்கு ஆகாது. தரையில் படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே விடும் இனங்கள்தான் நமக்குச் சரி. பாம்பூ ஷார்க், எபாலெட் ஷார்க் இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டுமே ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும். ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்து எபாலெட், கடல் வற்றிய குட்டைகளில் துடுப்பை ஊன்றி நடக்கும், ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். நர்ஸ் ஷார்க் குட்டியைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது இரண்டரை மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது.

அஞ்சாலையில் பல்லைப் பார்க்க வேண்டும். ஊசிப் பல் உள்ளவை மீனைப் பிடித்துத் தின்பவை, சுறாவின் துடுப்பையும் விட்டுவைக்காது. ஸ்னோஃப்ளேக், ஜீப்ரா இரண்டும் நண்டு, இறால் தின்பவை. அவற்றின் பற்கள் ஓட்டை நொறுக்குவதற்கேற்ப மொட்டையாக இருக்கும். ஜீப்ரா ஒன்றரை மீட்டர் வரை நீளும். ஸ்னோஃப்ளேக் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அடியோடு நின்றுவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஒரு பாம்பூ ஷார்க், ஒரு ஸ்னோஃப்ளேக், அவ்வளவுதான்.

படி 2: தொட்டி

உயரத்துக்குச் செலவழிக்காதீர்கள். இரண்டுமே தரைவாசிகள், அவற்றுக்குத் தேவை பரப்பு. வளர்ந்த சுறாவுக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் இருந்தால் நிம்மதியாகத் திரும்பிப் படுக்கும். கணக்குப் போட்டால் சுமார் 1,800 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றாலும் உப்பு மட்டும் 63 கிலோ ஆகிறது. தண்ணீரின் எடை 1,800 கிலோவுக்கு மேல், கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடியில் வைப்பதானால் கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். குட்டிதானே, இப்போதைக்கு மூன்றடி தொட்டி போதும் என்பவர்கள் பலர். அப்படி வாங்கினால் பெரிய தொட்டிக்கும் சேர்த்து இரண்டு முறை செலவு.

மணல் நைசாக இருக்கட்டும். கரடுமுரடான பவழத் துகள் சுறாவின் வயிற்றைக் கீறிவிடும். கற்களை மணல் மேல் அடுக்காமல், முதலில் கண்ணாடித் தரையில் உறுதியாக வைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். அடியில் தோண்டினால் கல் சரியும். அஞ்சாலை முழு உடம்பையும் மறைத்துக்கொள்ள ஒரு ஓரத்தில் பிவிசி குழாய் போதும், நடுத்தரை காலியாக இருக்கட்டும். கடற்கரையிலிருந்து பவழக்கல் எடுத்துவர வேண்டாம். பவழங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செயற்கைக் கல் போதும்.

படி 3: தண்ணீர்

ஆர்ஓ தண்ணீரில் மரைன் உப்பைக் கலந்து, சம்ப் (தொட்டியோடு இணைத்த வடிகட்டும் துணைத் தொட்டி), பெரிய புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரை வழியே கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) எல்லாவற்றையும் ஓடவிட்டு, மீன் எதுவும் போடாமல் காத்திருங்கள். அம்மோனியா (மீன் கழிவில் வரும் நஞ்சு) கொஞ்சம் சேர்த்தால் அதைத் தின்னும் பாக்டீரியா வளரும். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா, அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட், இந்த இரண்டு நஞ்சும் பரிசோதனையில் பூஜ்யத்தைக் காட்டும்வரை சுறாவை வாங்கப் போகாதீர்கள். ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.023 முதல் 1.025, பிஹெச் 8.1 முதல் 8.4, வெப்பம் 24 முதல் 26 டிகிரி. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டரைவிட, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் அவசியம். ஹீட்டர் வைத்தே ஆக வேண்டுமென்றால் சம்ப்பில் வையுங்கள், தொட்டிக்குள் இருந்தால் சுறா அதன் மேல் சாய்ந்து வெந்துபோகும். கரண்ட் போனால் ஏர் பம்ப் ஓட பேட்டரியோ இன்வெர்ட்டரோ வேண்டும்.

படி 4: மூடி

கனமான மூடி, நாலு பக்கமும் கிளிப். குழாய் நுழையும் ஓட்டையைக்கூட ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். அஞ்சாலை வெளியே விழுந்து காய்ந்து சாவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது.

படி 5: உள்ளே விடுவது

முட்டையிலிருந்து வெளிவந்த சுறாக்குட்டி ஒரு சாண் கூட இருக்காது. அதை வளர்ந்த அஞ்சாலையோடு விட வேண்டாம். சுறா முதலில் வரட்டும், ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கட்டும், நன்றாக வளரட்டும். பிறகு அஞ்சாலை. முதல் சில இரவுகள் டார்ச்சோடு எட்டிப் பாருங்கள், இரண்டும் இருட்டில்தான் சுறுசுறுப்பு. துடுப்பில் கடித்த தழும்பு தெரிந்தால் பிரித்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: தொட்டியில் தாமிரம் கலந்த மருந்து எதையும் ஊற்றாதீர்கள். மற்ற கடல் மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். சுறாவைக் கொன்றுவிடும், செதில் இல்லாத அஞ்சாலைக்கும் ஆகாது.

படி 6: சாப்பாடு

மீன் சந்தையில் கிடைக்கும் கணவாய், இறால், மீன் துண்டு போதும். வாங்கியதும் ஃப்ரீசரில் சில நாள் வைத்தால் ஒட்டுண்ணி பயம் குறையும். சுறாவுக்கு வாரம் மூன்று முறை, அஞ்சாலைக்கு இரண்டு முறை, விளக்கை அணைத்த பிறகு. சுறாவுக்கு ஒரு மூலை, அஞ்சாலைக்கு எதிர்மூலை. ஒரே இடத்தில் போட்டால்தான் சண்டை வரும்.

நீளமான இடுக்கியால் கொடுங்கள். அஞ்சாலைக்குக் கண் மந்தம், மோப்பம்தான் எல்லாம். இறால் வாசனை ஒட்டிய விரலும் அதற்கு இறால்தான். தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு. வாயில் கவ்வியதை அது முன்னால் வந்து பற்றி உள்ளே இழுக்கும் என்பதை 2007இல் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள்.

வாரம் ஒருமுறை நைட்ரேட் (நைட்ரைட்டை பாக்டீரியா மாற்றியபின் தண்ணீரில் சேர்வது) அளந்து, ஏறியிருந்தால் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரேட் அதிகமாக இருந்தால் சுறாவின் உடம்பில் அயோடின் சரியாகச் சேராது, தாடைக்குக் கீழே கழலை போல வீங்கும். வீக்கம் தெரிந்தால் முதல் வேலை தண்ணீர் மாற்றுவது, அடுத்தது அயோடின் கலந்த வைட்டமினை இரைக்குள் வைத்துக் கொடுப்பது. எவ்வளவு கொடுப்பது என்பதை மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.