தொற்று காலத்துல ஸ்கூல் குடும்பம் சிதறாம பாத்துக்கறது எப்படி

2020 ஏப்ரல்ல உலகம் முழுக்க 150 கோடிக்கு மேல பசங்க ஸ்கூல், காலேஜ் போக முடியாம இருந்தாங்கன்னு யுனெஸ்கோ கணக்கு சொல்லுது. அந்த மாதிரி நேரத்துல முதல்ல வேண்டியது ஆன்லைன் கிளாஸ் இல்லங்க, போன் கால்தான். ஒவ்வொரு டீச்சரும் பத்து பதினஞ்சு குடும்பத்தை எடுத்துக்கிட்டு வாரம் ஒருதடவை கூப்பிடுங்க, ஹோம்வொர்க் பத்தி வேண்டாம், சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்ல யாருக்காவது முடியலையான்னு கேளுங்க, ஒரு நோட்டுல தேதி போட்டு வீட்ல எத்தனை போன், நெட் இருக்கான்னு எழுதி வைங்க, ஒரே போனை மூணு பசங்க மாத்தி மாத்தி வச்சிருக்கற வீடு எதுன்னு அப்பத்தான் தெரியும், அங்க வீடியோ அனுப்பி பிரயோஜனமில்ல, பேப்பர்தான் போகணும்.

திரும்ப திறக்கறப்போ எதிரெதிர் ஜன்னலை திறந்து வைங்க, கொரோனா காத்து வழியாவும் பரவும்.

எடுத்த எடுப்புல டெஸ்ட் வேண்டவே வேண்டாம். ஒவ்வொருத்தரையா பக்கத்துல உக்கார வச்சு ஒரு பக்கம் வாசிக்க சொல்லுங்க, அஞ்சாங்கிளாஸ் பையன் எழுத்துக்கூட்டி படிச்சா பாடத்தை அங்கேருந்தே ஆரம்பிங்க. வீட்ல யாரையாவது இழந்த பசங்க சும்மா பெஞ்ச்ல சாய்ஞ்சு உக்காந்திருப்பாங்க, அவங்களை எழுப்பி கேள்வி கேக்காதீங்க, பக்கத்துல போய் உக்காருங்க. முதல் வாரம் வராத பசங்க லிஸ்ட் எடுத்து, வீட்டுக்கே நேர்ல போங்க.