பல்ப் எரிந்தால் எர்த் சரியா? வீட்டு எர்த் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் கையில் எடுப்பது ஒரு குண்டு பல்பைத்தான். ஒரு ஒயர் ஃபேஸில், இன்னொரு ஒயர் எர்த்தில். பல்ப் பளிச்சென்று எரிந்ததும் "எர்த் நல்லா இருக்கு" என்று சாக்கெட்டை மூடிவிடுவார்கள். இந்தப் பழக்கத்தை விட்டே தீர வேண்டும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் மின்தடை சுமார் 530 ஓம். எர்த்தின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 580 ஓம். ஓடும் கரண்ட் 0.4 ஆம்பியர், பல்புக்குக் கிடைப்பது 210 வோல்ட். பக்கத்தில் இன்னொரு பல்பை வைத்து ஒப்பிட்டால் ஒழிய வெளிச்சம் குறைந்தது தெரியாது. இப்போது அதே வீட்டில் கீசருக்குள் ஃபேஸ் ஒயர் பாடியில் பட்டுவிடுகிறது. 50 ஓம் எர்த் வழியாகப் போகும் கரண்ட் 4.6 ஆம்பியர்தான். கரண்ட் அளவு மீறினால் தானே விழும் பிரேக்கரான 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு, விழவே விழாது. கீசர் பாடியில் 200 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கும், யாராவது தொடும்வரை.

எர்த் கம்பி வழியில் எங்காவது அறுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல்ப் எரியாது. ஆனால் பல்ப் வழியாக வந்த ஃபேஸ், அறுந்த இடம்வரை உள்ள எர்த் கம்பி முழுவதும் பரவியிருக்கும். நீங்கள் சாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சமையலறையில் ஒருவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் அவருக்கு ஷாக் அடிக்கும். சோதனை செய்பவரே விபத்தை உண்டாக்கும் முறை இது.

பல்ப் சொல்வதெல்லாம் "ஏதோ ஒரு வழி இருக்கிறது" என்பது மட்டும்தான். ஃபால்ட் வந்தால் பிரேக்கரை விழவைக்கும் அளவுக்கு அந்த வழி நல்லதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. எர்த் சோதனையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த ரகம்: ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வேறொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்வது.

வகை தெரியாமல் மீட்டரை எடுப்பது

20 ஓம் என்று ஒரு ரீடிங் வருகிறது. நல்லதா, கெட்டதா? வீட்டில் எந்த வகை எர்த் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வீடுகளில் பொதுவாகக் காண்பவை மூன்று. வீட்டு எர்த் தன் சொந்த எர்த் ராடு வழியாக மண்ணுக்குப் போய், ஃபால்ட் கரண்ட் மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பினால் அது டி.டி. வகை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தனி எர்த் கடத்தி, பெரும்பாலும் கேபிளின் உலோக உறையாகவே, வீடுவரை வந்தால் டி.என்.எஸ். வகை. வெளியே நியூட்ரலும் எர்த்தும் ஒரே கடத்தியாக வந்து, சர்வீஸ் முனையில் இரண்டாகப் பிரிந்தால் டி.என்.சி.எஸ்.

டி.என். வகைகளில் ஃபால்ட் கரண்ட் உலோகத்திலேயே திரும்புவதால் வெளி லூப்பின் (டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்கு வந்து திரும்பும் பாதையின்) மின்தடை பொதுவாக 1 ஓமுக்கும் கீழே இருக்கும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். டி.டி.யில் மண்ணும் பாதையில் சேர்வதால் பத்து, இருபது, ஐம்பது ஓம் என்று வருவது இயல்பு. அங்கே எம்.சி.பி.யை நம்ப முடியாது, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஆகவே அந்த 20 ஓம், ஆர்.சி.சி.பி. உள்ள டி.டி. வீட்டில் ஏற்றுக்கொள்ளத்தக்கது. டி.என். வீட்டில் உடனே சரிசெய்ய வேண்டிய கோளாறு.

வகையைக் கண்டுபிடிப்பதிலும் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வாசலில் எர்த் ராடு இருந்தால் டி.டி. என்பது ஒரு அவசர முடிவு. டி.என்.சி.எஸ். வீட்டிலும் கூடுதல் பாதுகாப்புக்காக ராடு அடித்திருக்கலாம். மெயின் எர்த் பாரிலிருந்து கிளம்பும் தடித்த கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போக வேண்டும். கேபிள் உறையில் கிளாம்ப் போட்டிருக்கிறதா, சர்வீஸ் முனையின் நியூட்ரல் கட்டையிலிருந்து வருகிறதா, ராடுக்கு மட்டும் போகிறதா? இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தெருவில் பழைய கேபிளைப் பழுதுபார்த்தபோது நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகிவிட்டிருக்கலாம். வெளியே பார்க்க டி.என்.எஸ்., உள்ளுக்குள் டி.என்.சி.எஸ். பார்த்தது, அளந்தது, மின்வாரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு. இதற்காக சீல் வைத்த பெட்டியை உடைக்கக் கூடாது.

குடிநீர்க் குழாயை எர்த்தாக எடுத்துக்கொள்வதும் பழைய வீடுகளில் பார்க்கக்கூடிய தவறு. வெளியே யாரோ இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாய் மாற்றினால் போதும், அன்றோடு எர்த் போனது. வீட்டுக்காரருக்குத் தெரியவும் வராது.

சாக்கெட்டுக்குள் ஒரு விரல்கடை ஒயர்

மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் "எல்லாம் சரி" என்கிறது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 0. திருப்தியாகக் கிளம்பும் முன் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். எர்த் டெர்மினலுக்கு வர வேண்டிய கம்பியே இல்லாமல், நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு விரல்கடை நீளத்தில் ஒரு துண்டு ஒயர் இருக்கலாம்.

எர்த் இல்லாத வீட்டில் எர்த் இருப்பதுபோல் காட்ட யாரோ செய்த வேலை. இதில் உயிர் போகும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழியில் எங்காவது நியூட்ரல் லூஸாகிக் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கும் கருவி வழியாக வந்த ஃபேஸ் நியூட்ரல் டெர்மினலுக்கு வந்து, அந்தத் துண்டு ஒயர் வழியாகக் கருவியின் உலோக உடம்புக்கே போய்விடும். கருவியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஷாக்.

நியூட்ரலும் எர்த்தும் 0 வோல்ட் என்பதை வைத்து எர்த்தைப் பாராட்டாதீர்கள். சரியான முறை: மெயினை அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கி, நியூட்ரலையும் சப்ளையிலிருந்து பிரித்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரால் அளப்பது. துண்டு ஒயர் இருந்தால் பூஜ்யம் காட்டும். நல்ல வயரிங்கில் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது.

பீப் சத்தம்

எர்த் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் பீப்பை வைத்து முடிவு செய்வது அடுத்த தவறு. பல மீட்டர்கள் சில பத்து ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். எவ்வளவு வர வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்கு சுமார் 0.012 ஓம், 20 மீட்டருக்கு 0.24 ஓம். அளக்கும்போது 2 ஓம் வந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. பீப்புக்கு இரண்டும் ஒன்றுதான். 200 மில்லிஆம்பியர் செலுத்தி அளக்கும் குறைந்த ஓம் மீட்டரே இதற்கு ஏற்றது. அதன் சொந்த லீடுகளின் மின்தடையைக் கழிக்க மறந்தாலும் கணக்கு உதைக்கும்.

16 ஆம்பியர் பிரேக்கர் 16 ஆம்பியரில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே கெடுதல் செய்கிறது. பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழுவது உறுதி என்று சொல்ல 80 ஆம்பியர் வேண்டும். சி வகைக்கு 160. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் மொத்த லூப் (வெளி லூப்பும் வீட்டுக் கம்பியும் சேர்ந்தது) 2.87 ஓமுக்குள், சி வகையானால் 1.44 ஓமுக்குள் இருக்க வேண்டும். கம்பி சூடானால் மின்தடை ஏறும் என்பதால், குளிர்ந்த நிலையில் அளந்த மதிப்பு இதில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நல்ல நடைமுறை விதி. பி வகைக்கு 2.3, சி வகைக்கு 1.15. பிரேக்கரை பி-யிலிருந்து சி-க்கு மாற்றுபவர்கள் லூப்பைத் திரும்ப அளக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

டெஸ்ட் பட்டன் சொல்லாதது

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் சரி என்பார்கள். அந்தப் பட்டன் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஃபேஸையும் நியூட்ரலையும் சமநிலை தவற வைக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அது விழும். பட்டனை அவ்வப்போது அழுத்துவது நல்லது, இயந்திரப் பகுதி இறுகிப்போகாது. விழும் வேகத்தை அறிய ஆர்.சி.டி. (ஆர்.சி.சி.பி. போன்றவற்றின் பொதுப்பெயர்) டெஸ்டர் வேண்டும்: 30 மில்லிஆம்பியரில் 300 மில்லிசெகண்டுக்குள், 5 மடங்கில் 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், பாதி கரண்டில் விழக் கூடாது.

ராடை அளக்கும்போது

மூன்று முனை எர்த் டெஸ்டரில் நடக்கும் தவறு பெரும்பாலும் தூரத்தில்தான். லீடு குட்டையாக இருக்கிறது என்று டெஸ்டரோடு இணைத்து மண்ணில் அடிக்கும் இரண்டு ஸ்பைக்கையும் (துணை முளைகளையும்) ராடுக்குப் பக்கத்திலேயே அடித்துவிடுகிறார்கள். கரண்ட் ஸ்பைக் ராடின் ஆழத்தைப் போல் பல மடங்கு தள்ளி இருக்க வேண்டும். வோல்ட்டேஜ் ஸ்பைக் அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில். அப்புறம் அதை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தி அளக்க வேண்டும். மூன்று ரீடிங்கும் ஏறத்தாழ ஒன்றாக இல்லாவிட்டால் கரண்ட் ஸ்பைக்கை இன்னும் தள்ளி வைத்துத் திரும்பத் தொடங்குங்கள். ஒரே ரீடிங்கை எழுதிக்கொண்டு போவது அளந்ததாகாது.

குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அளப்பதும், மழை விட்டதும் அளப்பதும் நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்வது. மண் காய்ந்த காலத்து ரீடிங்தான் கணக்கு. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு, தொடும் உலோகத்தில் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை வைத்துப் பார்த்தால் 1667 ஓம் வரை அனுமதி என்று வரும். ஆனால் 200 ஓமுக்கு மேல் போன ராடு நிலையாக இருக்காது, மண் காயக் காய ஏறிக்கொண்டே போகலாம். இன்னொரு ராடு அடிப்பதானால் ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். ஒட்டி அடித்தால் பெரிய பலன் இருக்காது.

எர்த் கம்பியைச் சுற்றி மாட்டி அளக்கும் கிளாம்ப் டெஸ்டர் வசதியானதுதான், ஆனால் கரண்ட் சுற்றிவர வேறு பாதை இருந்தால்தான் அது அளக்கும். தனி ராடில் அது பயன்படாது. இரண்டு ராடுகளை இணைத்த கம்பி வளையத்தில் மாட்டினால் வளையத்தின் மின்தடையைக் காட்டும், அதை மண்ணின் மதிப்பாக எழுதிவிடுவார்கள்.

ராடை அளப்பதானாலும் வெளி லூப்பை அளப்பதானாலும் எர்த் கம்பியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் குழாய்கள், கட்டடக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து ரீடிங்கை அழகாக்கிவிடும். கழற்றும் முன் மெயின் அணைந்திருக்க வேண்டும், அணைந்ததை நல்ல வோல்ட்டேஜ் இண்டிகேட்டரால் உறுதி செய்ய வேண்டும். அந்த இண்டிகேட்டரையும் முன்பும் பின்பும் தெரிந்த சப்ளையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மெயின் அணைந்திருந்தாலும் லூப் டெஸ்டரை மாட்டும் சப்ளைப் பக்கத்தில் கரண்ட் இருக்கும். அதனால் லூப் சோதனையும் ஆர்.சி.டி. சோதனையும் பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. வீட்டுக்காரர் செய்யக்கூடியது கேட்பது: எந்த வகை எர்த், என்ன ரீடிங், எந்த மாதத்தில், எதைக் கழற்றி அளந்தீர்கள், கழற்றியதைத் திரும்ப முறுக்கிவிட்டீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதிலை வாயால் கேட்டால் போதாது. மெயினைப் போடும் முன் அந்த நட்டை இருவருமாகப் பார்த்துவிடுங்கள்.