பண்டிகைக்கு நாள் தள்ளிப்போடும் மாத்திரை: எங்கே தவறுகிறது

ஆடி பிறந்ததும் தருமபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து மருந்துக்கடைகளில் தினமும் கேட்கிற குரல் இது: "அக்கா, ஊர்ல பண்டிகை வருது. நாள் தள்ளிப்போக மாத்திரை இருக்குதா?" கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு அட்டையை எடுத்து நீட்டி, "தினம் ஒண்ணு போட்டுக்க" என்பாள். மாதவிடாயைத் தள்ளிப்போடும் அது, மருத்துவர் சீட்டு வேண்டிய ஹார்மோன் மாத்திரை. தினம் ஒன்று என்பதும் சரியான அளவு அல்ல.

நாளைத் தப்பாக எண்ணுவது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். "போன மாசம் 7-ஆம் தேதி, இந்த மாசமும் 7-ஆம் தேதிதான்" என்கிறார்கள். உடம்புக்குக் காலண்டர் தெரியாது. 27 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஜூலை 7-ல் வந்திருந்தால் அடுத்தது ஆகஸ்ட் 3. ஆகஸ்ட் 4-ல் மாத்திரையைத் தொடங்கலாம் என்று இருப்பார். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போன இடத்தில் லேசாகக் கறை தெரியும். ஓடிப்போய் அட்டை வாங்கி இரண்டை ஒன்றாக விழுங்குவார். மறுநாள் போக்கு இன்னும் கூடும். மாவிளக்கும் போச்சு, மாத்திரையும் வீண்.

காரணம் எளிது. கருமுட்டை வெளிவந்த பிறகு கருப்பையின் உள்சவ்வைத் தாங்கி நிறுத்துவது புரோஜெஸ்டிரான். கரு தங்காவிட்டால் அது குறையும், சவ்வு உதிரும். மாத்திரையில் இருக்கும் நோரெத்திஸ்டிரோன் அந்த ஹார்மோனின் செயற்கை வடிவம். சவ்வு உதிரும் முன்னே முட்டுக் கொடுத்தால் நிற்கும். உதிர ஆரம்பித்த பின் எத்தனை போட்டாலும் நிற்பது நிச்சயமில்லை.

ஆகவே கடைசியாக வந்த முதல் நாளிலிருந்து சுழற்சி நாட்களைக் கூட்டி, வரவேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். மேலே சொன்னவருக்கு அது ஜூலை 31. சுழற்சி ஒரு மாதம் 26, ஒரு மாதம் 31 என்று ஆடினால் குறைந்ததை வைத்து எண்ணுங்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே பிடிபடாது. மருத்துவரிடம் முன்கூட்டியே போவதுதான் வழி.

வழக்கமாக எழுதித் தரும் அளவு 5 மி.கி. மாத்திரை, நாளைக்கு மூன்று. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று 8 மணி நேர இடைவெளி. ஓசூர் கம்பெனி ஷிப்ட் மாறுகிற மணியேதான், மறக்காது. நிறுத்திய 2-3 நாளில் மாதவிடாய் வரும். பண்டிகை முடியும் நாளையும் அதற்கேற்ப எண்ணிக்கொள்ளுங்கள்.

கர்ப்பமா என்று பார்க்காமல் தொடங்குவது

சிறுநீர்ப் பரிசோதனை ஐந்து நிமிட வேலை. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் வராவிட்டால், "மாத்திரைச் சூடு" என்று விட்டுவிடாமல் மறுபடியும் பாருங்கள்.

கருத்தடை என்று நினைப்பது

இந்த முறையில் போட்டால் கருத்தடை ஆகாது.

ஒரு பண்டிகையோடு இன்னொன்றைச் சேர்ப்பது

நம்மூர் பண்டிகை முடிந்ததும் மாமியார் ஊர்ப் பண்டிகை, அப்படியே திருப்பதி என்று மூன்று வாரம் இழுப்பார்கள். 10 முதல் 14 நாள் வரைதான் எழுதித் தருவார்கள். அதற்கு மேல் இழுத்தால் நடுவிலேயே கசியும், நிறுத்தியதும் போக்கு அதிகமாகலாம்.

யாரிடமும் எதையும் சொல்லாமல் வாங்குவது

நோரெத்திஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறும்; இந்த அளவில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம், மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இதைத் தொடக்கூடாது. குழந்தை பெற்று சில வாரமே ஆனவர்களும், புகைபிடிப்பவர்களும், உடல் எடை மிக அதிகம் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலிப்புக்குக் கார்பமசெபைன், பெனிடாய்ன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு மாத்திரை சரியாகப் பிடிக்காது.

இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி போகிறவர்கள் இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, திடீரென்று கடுமையாகத் தலை வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி. பூசை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.