450 மில்லி மக்கில் 120 மில்லி காபி: அளவு பார்த்து மக் வாங்குவது எப்படி?

போன வருஷம் ஆன்லைன் தள்ளுபடியில் ஒரு மக் வாங்கினேன். கருநீல நிறம், வளைந்த காது, படத்தில் பார்க்க உள்ளங்கைக்கு அடக்கமாகத்தான் தெரிந்தது. பார்சலைப் பிரித்தால் கிட்டத்தட்ட ஒரு சின்னச் செம்பு. வீட்டில் போடுகிற ஃபில்டர் காபியை அதில் ஊற்றினேன். சித்திரை மாதக் கிணறு மாதிரி அடியில் கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, குடிச்சு முடிச்சிட்டியா?" என்றார். இப்போது அதில் பேனாக்கள் இருக்கின்றன.

மக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் ஒரு தடவைக்கு எவ்வளவு குடிப்பேன் என்று தெரியாமலேயே வாங்கியிருக்கிறேன். அதனால் இந்த வேலையைக் கடையில் ஆரம்பிக்காதீர்கள். சமையலறையில் ஆரம்பியுங்கள்.

படி 1: குடிக்கிற அளவை அளந்து பாருங்கள்

தினமும் குடிக்கிற டம்ளரையோ கப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். காபி எந்த மட்டம் வரை இருக்குமோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் வெறும் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு ஊற்றினால் போதும், 1 கிராம் தண்ணீர் 1 மில்லி. தராசு இல்லையென்றால் குழந்தையின் பால் பாட்டிலில் மில்லி கோடு போட்டிருக்கும், அதில் ஊற்றிப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் அளந்தபோது அம்மாவுக்கு 110, அப்பாவுக்கு 140, எனக்கு 160 மில்லி வந்தது. நான் என்னவோ ஒரு மக் நிறையக் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளக்கச் சோம்பலாக இருப்பவர்களுக்கு உத்தேசக் கணக்கு: டிகாக்ஷனும் பாலுமாக வீட்டு ஃபில்டர் காபி 120 முதல் 150 மில்லி. வீட்டு டீயும் சுக்குக் காபியும் ஏறக்குறைய அதே அளவுதான். மால்ட் பானம் என்றால் ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லி பால். மெஷின் வைத்திருப்பவர்களுக்கு எஸ்பிரஸோ 30 மில்லி, கப்புச்சினோ 150 முதல் 180, லாட்டே 250 முதல் 300.

கிரீன் டீ குடிப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு டீ பேகில் ஏறக்குறைய 2 கிராம் இலைதான் இருக்கும். தேயிலையை ருசி பார்த்து ஒப்பிடுவதற்கென்று சர்வதேசத் தர அமைப்பு வகுத்த ஐஎஸ்ஓ 3103 முறையில் அந்த 2 கிராமுக்கு 100 மில்லி தண்ணீர்தான் கணக்கு. வீட்டில் அவ்வளவு ஸ்ட்ராங்காக யாரும் குடிக்க மாட்டோம், 180 மில்லி சரியாக இருக்கும். அதே பேகை 350 மில்லி மக்கில் போட்டுவிட்டு "இந்தக் கம்பெனி டீயில் சாரமே இல்லை" என்று புலம்பக் கூடாது.

படி 2: பெட்டியில் போட்டிருக்கும் மில்லியை அப்படியே நம்பாதீர்கள்

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். மக்கில் '325 மில்லி' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றினால் கொள்ளும் அளவு. அப்படி ஊற்றி யாரும் ஹாலுக்கு எடுத்துவர முடியாது.

மேலே ஒரு சென்டிமீட்டராவது இடம் விட வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டர் என்ன பெரிய அளவா என்று தோன்றும். உள்விட்டம் 7.5 சென்டிமீட்டர் உள்ள மக்கில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் சுமார் 44 மில்லி. அதாவது 325 மில்லி மக்கில் நிம்மதியாகக் குடிக்க முடிவது 280 மில்லிதான். நுரை பொங்க ஆற்றிய காபி என்றால் இன்னொரு சென்டிமீட்டரையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எனவே குடிக்கிற அளவோடு 50 மில்லி கூட்டிக்கொண்டு தேடுங்கள். 150 குடிப்பவருக்கு 200 மில்லி, மால்ட் 200 குடிக்கும் பிள்ளைக்கு 250.

சில கடைகளில் அவுன்ஸ் கணக்கில் போட்டிருப்பார்கள். பிறந்தநாளுக்குப் படம் அச்சடித்துத் தருகிற மக் பெரும்பாலும் 11 அவுன்ஸ், அதாவது 325 மில்லி. 15 அவுன்ஸ் என்றால் 440 மில்லிக்கும் மேல். என் பேனா ஸ்டாண்டு அந்த வகை.

படி 3: வாய் எவ்வளவு அகலம்?

ஒரே 150 மில்லி காபியை இரண்டு பாத்திரத்தில் ஊற்றுவோம். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒல்லி மக்கில் அது 5.3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள அகல மக்கில் 2.4 சென்டிமீட்டர்தான். காற்றுப் படும் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல், ஆறுவதும் அதற்கேற்ற வேகத்தில். மெதுவாகப் பேப்பர் படித்துக்கொண்டே குடிப்பவர் ஒல்லியாக வாங்கட்டும். எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவருக்கு அகலம் நல்லது.

பீங்கான் தானும் சூட்டைக் குடிக்கும். 350 கிராம் எடையுள்ள மக் சூடேறுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏறக்குறைய 70 மில்லி தண்ணீர் சூடேற எடுக்கும் வெப்பத்துக்குச் சமம். 120 மில்லி காபியில் 70 மில்லி பச்சைத் தண்ணீரைக் கலந்தால் எவ்வளவு ஆறுமோ, கனமான பெரிய மக்கில் ஊற்றினாலும் அவ்வளவு ஆறிவிடும். காபி போடுவதற்கு முன் மக்கில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

இதில் டபராவின் அருமை தனி. அகலமான டபராவில் ஊற்றினால் நொடியில் ஆறும், டம்ளரில் திரும்ப ஊற்றினால் சூடு நிற்கும். ஆற வைக்கவும் சூடு காக்கவும் ஒரே செட். 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகப் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. ஆற்றிக் குடிப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

படி 4: காதைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்

வெறும் மக்கைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 350 கிராம் மக்கில் 280 மில்லி டீ ஊற்றினால் மொத்தம் சுமார் 630 கிராம். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது பாரம். மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும், நுழைந்த பிறகு விரலின் பின்பக்கம் மக்கின் உடம்பில் படக் கூடாது. பட்டால் சுடும். வயதானவர்களுக்கு 200 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. இன்னொரு முறை ஊற்றிக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் தங்கக் கோடு போட்ட மக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: பெரிய மக் ஆசை இருந்தால் இந்தக் கணக்கையும் பாருங்கள்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். 150 மில்லிதான் அங்கே 'ஒரு கப்'. அதே ஸ்ட்ராங்கில் 300 மில்லி மக் நிறையக் குடித்துவிட்டு "காலையில ஒரே ஒரு காபிதான் டாக்டர்" என்றால் அது இரண்டு காபி. சர்க்கரைக்கும் அதே கணக்குத்தான். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்ட கை, மக்குக்கு இரண்டு போடும்.

பெரிய மக் எனக்குத் தேவைப்படுவது சளி பிடித்தால் சூப்புக்கு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவுவதற்கு முன், படி 1-இல் அளந்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் சரி. மூன்று விரல் அகலம் இருந்தால், பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.