சோலார் சுடுதண்ணீர் போடுமுன் கூரைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

கோலாலம்பூரில் சொந்த டெரஸ் வீடு, ஆறேழு பேர், அதில் ஒரு பாட்டியோ கைக்குழந்தையோ என்றால் சோலார் வாட்டர் ஹீட்டர் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பாத்ரூமில் மாட்டும் சின்ன ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், அதுவும் அந்த ஒரு ஷவருக்கு மட்டும். சோலார் என்றால் எல்லா பாத்ரூமுக்கும், எண்ணெய்ப் பாத்திரம் கழுவும் சிங்க்குக்கும் ஒரே தொட்டியிலிருந்து சுடுதண்ணீர் வரும்.

விலை பேசுவதற்கு முன் கூரைச் சட்டத்தைப் பாருங்கள். 300 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 300 கிலோ, அது ராத்திரி பகலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய வீடு என்றால் சீலிங் கதவைத் திறந்து டார்ச் அடித்து, மரத்தில் கரையான் மண்கோடு ஓடுகிறதா, கட்டையைக் குத்தினால் பொத்தென்று உள்ளே போகிறதா என்று தெரிந்தவர் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால் பேனல் எந்தத் திசை பார்க்கிறது என்பது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் இங்கே மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கொட்டும், ஆகவே காலை வெயில் விழும் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். மர நிழல், பக்கத்து வீட்டு நிழல் கூடாது.

அப்புறம் பூஸ்டர், அதாவது வெயில் இல்லாத நாளில் தண்ணீரைக் கரெண்டில் சுட வைக்க தொட்டிக்குள் இருக்கும் காயில். அதை எப்போதும் போட்டே வைத்திருந்தால் சோலார் போட்டும் கரெண்ட் பில் இறங்காது. விடிகாலையில் நீங்கள் குளிப்பது நேற்றைய வெயிலில்தான், ஆகவே நாள் முழுக்க மழை பெய்த அன்று மட்டும் சுவிட்சைத் தட்டுங்கள். 2.4 கிலோவாட் காயில் 300 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற சுமார் 3 மணி நேரம் எடுக்கும். தீபாவளி வருவதே மழை மாதத்தில். வீடே எண்ணெய் தேய்த்து வரிசையில் நிற்கும், அதனால் முதல் நாள் இரவே போட்டுவிடுங்கள்.

நல்ல வெயிலில் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போகும், குழந்தையின் தோல் தாங்காது. வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர், கடைசியில் உங்கள் கை. குழாயைத் திறந்ததும் கொஞ்ச நேரம் ஆறிய தண்ணீர்தான் வரும், அதைப் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்.

தொட்டி வால்விலிருந்து வெயில் நேரத்தில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள், சூட்டில் விரியும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓடு நனைகிறதே என்று அதை யாரும் அடைத்துவிடக் கூடாது, அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கலாம். ராத்திரியிலும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் ஏறும்போதே தொட்டிக்குள் இருக்கும் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள், அது கரைந்து தீர்ந்தால் அடுத்துத் துரு பிடிப்பது தொட்டிதான்.