நாய்ப் பூங்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்களை அவிழ்த்துவிட்டு விளையாடவிடும் வேலியிட்ட இடமான நாய்ப் பூங்காவில், சண்டை மூளும் முக்கியமான இடம் நுழைவாயில். புதிய நாய் வந்ததும் உள்ளே இருப்பவை எல்லாம் மோப்பம் பிடிக்க ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும். வந்த நாயோ லீஷில் (பிடிகயிற்றில்) இழுபட்டு நிற்கும். விலகிப்போக வழியில்லாததால் உறுமும், அல்லது முந்திக்கொண்டு கடிக்கும். இரட்டைக் கதவு இருப்பதே இதைத் தவிர்க்கத்தான். வெளிக்கதவைச் சாத்துங்கள், இடைப்பட்ட இடத்தில் லீஷைக் கழற்றுங்கள், கூட்டம் கலைந்த பிறகு உள்கதவைத் திறங்கள். இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்திருந்தால் ஏதாவது ஒரு நாய் சாலைக்கு ஓடிவிடும். உள்ளே இருப்பவர்களும் தங்கள் நாயைக் கதவருகிலிருந்து கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்து விடுவது பெரிய தவறு. வீட்டிலும், பிறகு திறந்த வெளியில் 10 மீட்டர் கயிற்றிலும் பழக்கிவிட்டுக் கூட்டி வாருங்கள்.

இறுக்கும் சங்கிலி, முள் வைத்த பட்டை, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள். கடித்து விளையாடும்போது ஒன்றின் தாடை மற்றதன் வாரில் சிக்கினால் இரண்டும் பதறித் திமிறும். பல் உடையும், கழுத்து இறுகும். சாதாரண கழுத்துப்பட்டை மட்டும் போதும்.

பிஸ்கட், எலும்பு, பிரியமான பந்து எதுவும் வேண்டாம். வீட்டில் சாதுவாக இருக்கும் நாய்கூட, அந்நிய நாய்களுக்கு நடுவே தன் பொருளைக் காக்கப் பல்லைக் காட்டும். அடுத்தவர் நாய்க்குத் தீனி கொடுப்பதும் அப்படித்தான். அதற்கு ஒவ்வாமை இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

‘என் நாய் ஒன்றும் செய்யாது’ என்று பெரிய நாயைச் சிறியவற்றுடன் விடுகிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை ஓடுவதைக் கண்டால் துரத்தும் வேட்டை இனங்கள். ஒரு பொமரேனியன் கத்திக்கொண்டு ஓடினால் விளையாட்டு நொடியில் வேட்டையாகிவிடும். சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

உட்கார்ந்து போன் பார்க்கும் இடமல்ல இது. உடல் தளர்வாக இருந்து, முன்கால்களைத் தாழ்த்திக் குனிந்து, மாறி மாறித் துரத்திக்கொண்டால் விளையாட்டு. உடல் விறைத்து, பார்வை நிலைகுத்தி, வாய் இறுக மூடியிருந்தால் உடனே பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் துரத்தும் நாயைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றது திரும்பி வந்தால் அதுவும் விளையாட விரும்புகிறது. ஒதுங்கிப் போனால் அதற்குப் போதும் என்று பொருள்.

குட்டிகளுக்கு 16 வார வயதாகும்போதுதான் தடுப்பூசி வரிசை முடியும்; அதற்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள். கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ கிருமி மலத்தின் வழியே பரவி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மலத்தை அள்ளாமல் விட்டால் கொக்கிப்புழுவும் பரவும், அதன் இளம்புழு வெறுங்காலில் நடக்கும் குழந்தைகளின் தோலுக்குள்ளும் புகும். கையில் பையை உறைபோல மாட்டி அள்ளி, அப்படியே புரட்டி முடிச்சுப் போட்டால் கையில் படாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். மழைக்குப் பின் தேங்கிய குட்டையில் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். இணைசேரும் பருவத்தில் (ஹீட்) இருக்கும் பெண் நாயை மூன்று வாரமாவது வீட்டிலேயே வைத்திருங்கள்.

சண்டை மூண்டால் நடுவில் கையை விட்டுக் கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீர்கள். அதிகம் கடிபடுவது அந்தக் கைதான். முதலில் தண்ணீரை வீசுங்கள், பலத்த சத்தம் எழுப்புங்கள். பிரியாவிட்டால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தொடையின் மேற்பகுதியில் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஆனால் வாய் கவ்வியிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிடி விட்ட பிறகே இழுங்கள். மனிதர் யாராவது கடிபட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொன்னாலும் போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், இதற்கு முன் ரேபிஸ் ஊசி போடாதவருக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப் புரதம்) தேவைப்படும்.